கொள்ளைநோய்களும் சமூக அறிவும்: 1897 முதல் 2021 வரையான சில படிப்பினைகள்

ஒரு கொள்ளைநோய் நாட்டினுள் புகும்போது அரசு இரு வினாக்களுக்கு விடைகாண வேண்டியதாகின்றது. அந்நோய் எதனால் உண்டாகி எவ்வாறு பரவுகின்றது என்பது முதலாவது வினா. அதனைத் தடுக்கும்பொருட்டு இடப்படும் கட்டளைகளை மக்கள் எவ்வாறு ஏற்பர், எவ்வாறு மறுப்பர், அக்கட்டளைகளின் சுமை எவர் தோளில் இறங்கும் என்பது இரண்டாவது வினா. முதலாவது வினாவிற்கு விடைகூற மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் உளர். இரண்டாவது வினா வரலாற்றாசிரியர், சமூகவியலாளர், மானிடவியலாளர் ஆகியோரின் ஆய்வுப்பரப்பிற்கு உரியது. ஆயினும் அரசுகள் முதலாவது வினாவிற்குக் காட்டிய கவனத்தை இரண்டாவதற்குக் காட்டியமை அரிது. அவ்வாறு காட்டாதவிடத்து நேர்ந்த துன்பம் நோயால் நேர்ந்த துன்பத்தோடு சேர்ந்து இருமடங்காயிற்று என்பதற்கு வரலாற்றிற் சான்றுகள் பல உள்ளன.

இலங்கை 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட்-19 பெருந்தொற்றை எதிர்கொண்ட முறையை இவ்வரலாற்றின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பம்பாய் பிளேக்கு நோய், 1934-35 ஆம் ஆண்டுகளின் இலங்கை மலேரியா, 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா பற்றிப் பிற்காலத்தில் நிகழ்ந்த ஆய்வு, மேற்காபிரிக்க எபோலா ஆகிய நான்கும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

ஒரே ஆண்டிற் பிறந்த இரு சட்டங்கள்

1896 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் பம்பாய் நகரிற் பிளேக்கு நோய் கண்டறியப்பட்டது. உலக வாணிபத்தின் முக்கிய துறைமுகங்களுள் ஒன்றான அந்நகரில் நோய் பரவியமை பிரித்தானிய அரசைக் கலங்கச் செய்தது. 1897 பெப்ரவரியில் இந்தியாவிற் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மிகச் சில பிரிவுகளையே கொண்ட அச்சட்டம் அரசுக்கு வழங்கிய அதிகாரமோ மிகப் பெரிது. வீடுகளைச் சோதனையிடவும், நோயுற்றோரென ஐயுறப்பட்டோரை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், அவர்களோடு வாழ்ந்தோரை முகாம்களில் அடைக்கவும், புகையிரதப் பயணிகளை இறக்கிச் சோதிக்கவும் அதிகாரிகளுக்கு இயன்றது.

பூனா நகரில் இப்பணிக்கு இராணுவத்தினர் அமர்த்தப்பட்டனர். வீட்டினுள் அந்நியர் நுழைதலும், பெண்களின் உடலை ஆடவர் சோதித்தலும், பொருள்கள் எரிக்கப்படுதலும் மக்களைக் கொதிப்படையச் செய்தன. அங்குப் பிளேக்குக் குழுவின் தலைவராயிருந்த வோல்டர் சாள்ஸ் றான்ட் 1897 யூன் 22 ஆம் திகதி சாபேகர் சகோதரர்களாற் சுடப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார். 1898 மார்ச் மாதத்திற் பம்பாயிலும், 1900 இற் கான்பூரிலும் கலகங்கள் மூண்டன. மக்கள் நோயாளரை மறைத்தனர், இறந்தோரை இரகசியமாக அடக்கினர், ஊரைவிட்டு ஓடினர். நோயைக் கண்டறியும்பொருட்டு எடுக்கப்பட்ட நடவடிக்கையே நோயை மறைவிடத்திற்குத் துரத்தியது.

இவ்வளவு வன்மையோடு செயற்பட்ட அரசுக்கு நோய் பரவும் வழியேனும் தெளிவாகத் தெரிந்திருந்ததா எனின், அதுவும் இல்லை. கிருமி 1894 இல் ஹொங்கொங்கில் இனங்காணப்பட்டிருந்தது. ஆயினும் எலியிலிருந்து மனிதருக்கு நோயைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சியே என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898 இலேயே எடுத்துரைத்தார். அக்கருத்து ஏற்கப்படுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன. ஆகவே மனிதரைத் துரத்திப் பிடித்த காலத்தில் எலிகள் தம்போக்கிற் திரிந்தன எனலாம். எதிர்ப்பைக் கண்ட அரசு 1898 இன் பின்னர் படிப்படியாகத் தன் போக்கைத் தளர்த்தியது. சாதி, சமயக் குழுக்கள் தமக்கென மருத்துவமனைகளை நடத்த இடமளிக்கப்பட்டது; வற்புறுத்தலினிடத்தை இணக்கம் ஓரளவு பெற்றது. இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தோருள் வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னல்ட் குறிப்பிடத்தக்கவர். குடியேற்ற நாட்டு மருத்துவம் மனித உடலையே அதிகாரத்தின் களமாக்கியது என்பது அவர் 1993 இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்தாகும்.

இலங்கையிலும் அதே 1897 ஆம் ஆண்டிலேயே தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கொழும்பிற்குப் பிளேக்கு நோய் வந்து சேர்ந்தது 1914 இலாயினும் அச்சட்டத்தின் கீழான ஒழுங்குகள் அதற்கு முன்னரே நடைமுறைக்கு வந்துவிட்டன. தனிமைப்படுத்தலின் பாரத்தை இந்நாட்டில் மிகுதியாகச் சுமந்தோர் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளராவர். இலங்கை அரசாங்கத்தால் மண்டபத்தில் நடத்தப்பட்ட முகாமிற் தடுத்துவைக்கப்பட்டு, சோதனை முடிந்த பின்னரே அவர்கள் கடலைக் கடந்தனர். நோய்த்தடுப்பு எல்லோருக்கும் பொதுவானதெனக் கூறப்பட்டாலும் அதன் கடுமை வறியோர்மீதே முதலில் விழும் என்பதற்கு மண்டபம் ஒரு சான்றாகும்.

ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இந்தியாவின் 1897 ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையின் 1897 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 2020 ஆம் ஆண்டிலும் கையிலெடுக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டிற்கு மேலாகச் சட்டம் தந்த அதிகாரம் அழியாது நின்றது. ஆனால் அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தியபோது கிட்டிய அனுபவம் அதனோடு சேர்த்துக் கையளிக்கப்படவில்லை.

நுளம்பும் பசியும்: 1934-35

1934 ஆம் ஆண்டிற் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழமையாகப் பெருகியோடும் மகா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கை ஆகியன வற்றிப் படுகைகளிற் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் இன நுளம்புகள் பெருந்தொகையாகப் பல்கின. உலர்வலய மக்கள் தலைமுறைகளாக மலேரியாவுடன் வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். கேகாலை போன்ற ஈரவலயப் பகுதிகளின் மக்களுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. 1934 இன் இறுதி மாதங்களில் மூண்ட நோய் அடுத்த ஆண்டின் முற்பகுதிவரை நீடித்தது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மாண்டோருட் பெருந்தொகையினர் குழந்தைகள்.

மழையும் நுளம்பும் எதிர்ப்பாற்றலும் இந்நோயின் பரவலை விளக்குகின்றன. 1935 இல் வெளிவந்த கேணல் கில் என்பாரின் அறிக்கை உட்பட அக்கால உத்தியோகபூர்வ ஆய்வுகள் இவற்றை நுணுக்கமாக ஆராய்ந்தன. ஆயினும் இத்துணைபேர் ஏன் இறந்தனர் என்னும் வினாவிற்கு இவை மட்டும் போதிய விடையாகா. உலகப் பொருளாதார மந்தம் இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலைகளை வீழ்த்தியிருந்தது. வரட்சி பயிரையும் அழித்தது. நோய் வந்தபோது அது கண்டது பசித்த உடல்களையே. கிராமங்களுக்கு நிவாரணப் பணிக்காகச் சென்ற சூரியமல் இயக்கத்தினர், கொயினா மட்டும் கொடுத்துப் பயனில்லை, உணவும் கொடுத்தல் வேண்டும் என்பதை நேரிற் கண்டறிந்தனர். கலாநிதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க ஆகியோர் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உதயமாயிற்று. 1936 ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலிற் பெரேரா றுவான்வெல்லையிலும் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றியீட்டினர். நோய் கடுமையாகத் தாக்கிய பிரதேசங்களைச் சேர்ந்த தொகுதிகள் அவை என்பது கவனிக்கத்தக்கது.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு வழங்கிய சர்வசன வாக்குரிமை இவ்விடத்திற் பெரும் பங்கு வகித்தது. பூனாவின் மக்களிடம் வாக்குச்சீட்டு இருக்கவில்லை. கேகாலையின் மக்களிடம் இருந்தது. ஆகவே அவர்களது துன்பம் சபையில் விவாதப் பொருளாயிற்று. கிராமிய மருந்தகங்களும் மருத்துவமனைகளும் பெருக வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. மாகிரட் ஜோன்ஸ் 2000 ஆம் ஆண்டில் இக்கொள்ளைநோயைக் குடியேற்ற நாட்டு மருத்துவத்திற்கான ஒரு தனியாய்வாகக் கொண்டார். பேராதனைச் சமூகவியற் பேராசிரியர் கலிங்க ரியூடர் சில்வா 2014 இல் இலங்கையின் மலேரியாவுக்கு ஒரு சமூக வரலாறே எழுதினார். மலேரியாவை நுளம்பின் கதையாக மட்டுமன்றி நிலம், குடியேற்றம், அபிவிருத்தி, அரசியல் ஆகியவற்றின் கதையாகவும் கற்க வேண்டும் என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்துகின்றன.

இக்கதையின் பிற்பகுதியும் பயன்தருவது. டி. டி. ரீ. தெளிப்பின் பயனாக 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதென எண்ணிக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் மூண்டு ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றிக்கொண்டது. அத்தவறு மறக்கப்படவில்லை. அடுத்துவந்த தசாப்தங்களில் நீண்ட போரின் நடுவிலும் பணி தொடர்ந்தது. போர் ஓய்வதற்கு முன்னரே நோயாளர் தொகை வெகுவாகக் குறைந்தது. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார தாபனம் சான்றளித்தது. கடந்தகாலத்தை நினைவிற்கொண்டு செயற்பட்ட ஒரு துறை எத்தகைய பயனை எய்தலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள எடுத்துக்காட்டு இது.

பழைய பத்திரிகைகளிலிருந்து புதிய கொள்கை

வரலாற்று ஆய்வு நேரடியாகவே கொள்கையாக மாறியமைக்கு 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா பற்றிய அமெரிக்க ஆய்வு சிறந்த உதாரணமாகும். 1918 செப்ரெம்பர் 28 இற் பிலடெல்பியா நகரம் போர்க்கடன் திரட்டும் பெரும் ஊர்வலமொன்றை நோய்க்கிடையிலும் நடத்தியது. சில நாள்களுள் அந்நகர மருத்துவமனைகள் நிரம்பின. செயின்ற் லூயிஸ் நகரமோ பாடசாலைகளையும் அரங்குகளையும் விரைவிலேயே மூடி இறப்பைக் குறைத்துக்கொண்டது. மருத்துவ வரலாற்றாசிரியர் ஹவார்ட் மார்க்கெலும் அவரது குழுவினரும் 43 அமெரிக்க நகரங்களின் பழைய பத்திரிகைகளையும் நகரசபைப் பதிவுகளையும் ஆராய்ந்து 2007 இல் தம் முடிவை வெளியிட்டனர். முந்தித் தொடங்கி, பல வழிகளை ஒருங்கே கையாண்டு, நீண்டகாலம் கடைப்பிடித்த நகரங்களிற் சாவு குறைவு என்பதே அம்முடிவு. 2020 இற் பல நாடுகளின் அரசுகள் பாடசாலைகளை மூடியதற்குப் பின்னணியில் நின்ற ஆதாரங்களுள் இதுவும் ஒன்று.

எனினும் இத்தகைய ஆய்வு, எப்போது மூடவேண்டும் என்பதையே கூறுகின்றது. மூடப்பட்ட கதவின் பின்னால் வாழ்வோர் எதை உண்பர் என்பதை அது கூறுவதில்லை. 2020 மார்ச் 20 இல் இலங்கை முழுவதற்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது நாட்கூலி பெறுவோரின் வருவாய் ஒரே நாளில் நின்றது. தோட்டத் தொழிலுக்கோ விலக்களிக்கப்பட்டது. ஏனையோர் வீட்டிலிருக்கப் பணிக்கப்பட்ட காலத்திற் தேயிலைத் தொழிலாளர் மலைக்குச் சென்றனர்; மாலையில் ஒரு குடும்பம் முழுவதும் ஓரறையில் வாழும் லயன்களுக்குத் திரும்பினர். ஒருவரிலிருந்து ஒருவர் விலகியிருங்கள் என்னும் அறிவுரை லயன் அறையிற் பொருளிழந்து போகின்றது. இதனை அறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. மலையகத்தின் வாழ்விடம் பற்றிய எந்தவொரு சமூக ஆய்வும் போதுமானது.

இறந்தோரை அடக்கும் முறை: மேற்காபிரிக்காவின் பாடம்

2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா நோய் 28,000 இற்கு மேற்பட்டோரைப் பற்றி 11,000 இற்கு மேற்பட்டோரைக் கொன்றது. எபோலாவால் இறந்தவரின் உடல் மிகுந்த தொற்றுத்தன்மை உடையது. உடலைக் கழுவித் தொட்டு விடைகொடுக்கும் மரபுடைய சமூகங்களில் மரணச்சடங்கு நோய்பரவும் வழிகளுள் ஒன்றாயிற்று. ஆகவே உடலைப் பற்றிய அச்சத்திற்கு அறிவியல் அடிப்படை இருந்தது. 2014 ஓகஸ்டில் லைபீரிய அரசு தலைநகர் மொன்றோவியாவில் எபோலாவால் இறந்தோரைத் தகனம் செய்யவேண்டும் எனக் கட்டளையிட்டது. தகன மரபற்ற மக்களுக்கு அது தாங்கொணாததாயிற்று. குடும்பத்தினர் நோயாளரை மறைத்தனர். உடல்களை இரவிற் புதைத்தனர். பம்பாயின் கதை வேறொரு கண்டத்தில் மீண்டும் நிகழ்ந்தது.

இந்நிலையை மாற்றியதில் மானிடவியலாளர்க்கும் சமயத் தலைவர்க்கும் கணிசமான பங்குண்டு. சடங்கின் எக்கூறு ஆபத்தானது, எக்கூறு ஆபத்தற்றது, எது இல்லாவிடின் இறந்தவர் முறைப்படி அனுப்பப்படவில்லையெனக் குடும்பம் கருதும் என்பனவற்றை அவர்கள் பிரித்துக் காட்டினர். தொலைவிலிருந்து உறவினர் காணலாம், பிரார்த்தனை செய்யலாம், உடலைப் பயிற்சிபெற்றோர் மட்டும் தொடலாம். 2014 நவம்பரில் உலக சுகாதார தாபனம் பாதுகாப்பும் கண்ணியமும் உடைய அடக்கத்திற்கான வழிமுறைகளை வெளியிட்டது. டிசெம்பரில் லைபீரியாவிற் தகனக் கட்டளை கைவிடப்பட்டு அடக்கத்திற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. கிராம மக்கள் தாமே நோயைப் புரிந்துகொண்டு தம் நடத்தையை மாற்றியமையையும் மறத்தலாகாது. மானிடவியலாளர் போல் றிச்சர்ட்ஸ் 2016 இல் வெளியிட்ட நூலில் இதனை மக்களின் அறிவியல் எனவே அழைத்தார்.

2020: அறிந்திருக்க வேண்டியவை

எபோலா முடிவுற்று நான்கு ஆண்டுகளே சென்ற நிலையிற் கொவிட்-19 இலங்கையை அடைந்தது. இறந்தோரை அடக்கவோ தகனிக்கவோ செய்யலாம் என உலக சுகாதார தாபனம் 2020 மார்ச்சில் வழிகாட்டியது. இலங்கையிலோ மார்ச் இறுதியில், இந்நோயால் இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் குடும்பத்தின் விருப்பிற்கு மாறாகத் தகனஞ் செய்யப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, 1897 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுறும் என்னும் அச்சம் காரணமாகக் காட்டப்பட்டது. அடக்கத்தைச் சமயக் கடமையாகக் கொள்ளும் முஸ்லிம்களும், அதனையே விரும்பிய கிறிஸ்தவர்களும் தம் உறவினரைச் சாம்பலாகப் பெறும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். உயர்நீதிமன்றில் தாக்கலான மனுக்கள் 2020 டிசெம்பர் 1 இல் தள்ளுபடியாயின. அம்மாதத்திலேயே பிறந்து 20 நாள்களேயான ஒரு பாலகனின் உடலும் எரிக்கப்பட்டது. கொழும்பிற் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டித் தம் துயரை வெளிப்படுத்தினர்.

2021 பெப்ரவரி 25 இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. அடக்கத்திற்கு முதலில் தெரிவுசெய்யப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. போரினால் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் போராடி 2018 இலேயே தம் தீவிற்கு மீண்டிருந்த அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை, அவர்கள் எதிர்த்தனர். ஒரு சமூகத்திற்கு இழைத்த தவறைத் திருத்தும் வழி இன்னொரு சமூகத்தோடு முரணும் வழியாக அமைந்தது. ஈற்றில் மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்குத் துயில்கின்றனர். தென்னிலங்கையில் இறந்தவரின் கல்லறையைக் காணக் குடும்பத்தினர் நாட்டின் மறுகரைவரை செல்லவேண்டியதாயிற்று. 2024 யூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்திற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

லைபீரியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். லைபீரியாவில் உடலைப் பற்றிய அச்சத்திற்கு மருத்துவ ஆதாரம் இருந்தது. அவ்வாறிருந்தும் கட்டளை நான்கு மாதங்களில் மாற்றப்பட்டது. இலங்கையில் அத்தகைய ஆதாரம் இருக்கவில்லை. ஆயினும் கட்டளை பத்து மாதங்களுக்கு மேல் நின்றது. இதனை வெறும் அறியாமையென்று கூறிவிட இயலாது. 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்களைச் சூழ்ந்த பகைமையையும் ஐயத்தையும் புறக்கணித்துவிட்டு இக்கட்டளை இத்துணைக் காலம் நிலைத்தமையை விளக்கமுடியாது. எனவே சமூக ஆய்வின் பணி மக்களின் வழக்கங்களை மட்டும் ஆராய்வதன்று. மக்கள் ஏன் கீழ்ப்படியவில்லை என்று கேட்பதோடு, அரசு ஏன் செவிசாய்க்கவில்லை என்றும் அது கேட்டல் வேண்டும். முன்னைய கேள்வியை மட்டும் கேட்கும் ஆய்வு, அதிகாரத்திற்கு ஏவல் செய்யும் ஆய்வாகச் சுருங்கிவிடும்.

முடிவுரை

கொள்ளைநோய்க் காலத்தில் விரைவே முக்கியம், ஆறியமர்ந்து ஆராய நேரமில்லை என்று ஒரு மறுப்புக் கூறப்படலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து பெறப்படுவது சமூக ஆய்வு வேண்டாம் என்பதன்று; அது முன்னரே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதேயாகும். தடுப்பூசியைத் தேடும் ஆய்வுகூடம் நோயற்ற காலத்திலேயே கட்டப்படுகின்றது. மக்களை அறியும் ஆய்வும் அவ்வாறே கட்டப்படல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். கொள்ளைநோய் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் குழுக்களில் மருத்துவரோடு சமூகவியலாளரும் வரலாற்றாசிரியரும், பாதிக்கப்படும் சமூகங்களின் பிரதிநிதிகளும் இடம்பெறல் வேண்டும். அவசரகால ஒழுங்குகளுக்குக் காலவரையறை இருத்தல் வேண்டும். அக்காலம் முடிவுறும்போது அவற்றின் ஆதாரத்தை அரசு மீண்டும் மக்கள்முன் வைத்தல் வேண்டும். அரசின் அறிவுறுத்தல்கள் மக்களின் மொழியில், அவர்கள் நம்பும் வாயினூடாகச் செல்லுதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் இதன் தேவையை உணர்த்திச் சென்றார்.

பல்கலைக்கழக மாணவர்க்கு உரிய கடமையும் ஒன்றுண்டு. 1934-35 இற் கேகாலைக் கிராமமொன்றில் ஒரு தாய் கண்டதை இன்று நாம் அதிகாரிகளின் அறிக்கை வாயிலாகவே பெரும்பாலும் அறிகின்றோம். அவள் குரல் எழுதப்படவில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளைக் கண்டோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஓட்டமாவடியில் குழிதோண்டியவர், லயன் அறையிற் தனிமைப்படுத்தப்பட்டவர், மருத்துவமனைத் தாதி, வருவாயிழந்த கூலியாள், தகனத்தைத் தொலைவில் நின்று கண்ட மகன் ஆகியோர் கூறுவதை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்து பேணுவது நம்மால் இயலும் காரியம். அடுத்த கொள்ளைநோய் வரும்போது சட்டப்புத்தகம் எப்படியும் அமைச்சின் மேசைக்குச் சென்றுவிடும். அதன் பக்கத்தில் இப்பதிவுகளும் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.